காரியாலய டெலிபோனுக்கு ஒரு புயல் பரீட்சை

சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள் மாலை. கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். என் சித்தப்பாவை அங்கே மூன்றாவது மாடியில் சேர்த்திருந்தோம். வெளியே பேய்மழை. மணி ஏழு இருக்கும். 'டப்' என்று கரெண்டு போயிற்று. பயப்பட ஒன்றுமில்லை, ஆஸ்பத்திரியில் இன்வெர்ட்டர் இருந்தது. இரண்டு விநாடியில் விளக்கு வந்துவிட்டது. மின்விசிறியும் சுற்றத் தொடங்கியது.

நர்ஸின் மேஜை மேல் இருந்த டெலிபோனுக்கு மட்டும் உயிர் வரவில்லை.

பக்கத்துக் கட்டிலில் இருந்த பெரியவருக்கு அப்போதுதான் மூச்சு இரைக்க ஆரம்பித்திருந்தது. நர்ஸ் டெலிபோனை எடுத்துக் காதில் வைத்தார். ஓசையே இல்லை. இரண்டு முறை பொத்தானைத் தட்டிப் பார்த்தார். பிறகு அதை அப்படியே போட்டுவிட்டு மாடிப்படியை நோக்கி ஓடினார். வேலை நேரத்தில் செல்போனைக் கீழே வைத்துவிட்டு வரவேண்டும் என்பது அங்கே விதி. லிப்டும் நின்றுபோயிருந்தது. மூன்று மாடி இறங்கி, டாக்டரை அழைத்துக்கொண்டு, மூன்று மாடி ஏறி வந்து சேர்ந்தார். பெரியவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்தச் சில நிமிஷங்களில் அவருடைய மகளின் முகத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது இன்னும் மறக்கவில்லை.

எல்லாம் அடங்கிய பிறகு நர்ஸிடம் கேட்டேன். "என்னம்மா, போன் கெட்டுப்போச்சா?"

"கெடலை சார். கரெண்டு போனா இதுவும் போயிடும். வந்தா வந்துடும்" என்றார், வெகு சாதாரணமாக.

வாசலில் இருந்த வயதான வாட்சுமேன் வேறு விதமாகச் சொன்னார்: "பழைய கறுப்பு போன் இருந்தப்ப இந்தத் தொல்லையே இல்லை தம்பி. ஊரே இருட்டாக் கிடந்தாலும் அது மணி அடிக்கும்."

இருவர் சொன்னதும் உண்மை. விசாரித்ததில் விஷயம் விளங்கிற்று. ஒரு வருஷத்துக்கு முன்புதான் ஆஸ்பத்திரியின் டெலிபோன்களையெல்லாம் கம்ப்யூட்டர் கம்பிக்கு மாற்றியிருக்கிறார்கள். நல்ல காரியந்தான். ஆனால் அந்தக் கம்பிகள் வந்து சேரும் பெட்டியை மாடிப்படிக்கு அடியில் இருந்த சாதாரணப் பிளக்கில் சொருகிவிட்டார்கள். இன்வெர்ட்டர் தொடர்பு விளக்குக்கும் விசிறிக்கும் மட்டுமே. ஒரே ஒரு பிளக்கு மாறியதால் வந்த வினை!

புதிய டெலிபோன் வேண்டாம் என்று சொல்வதற்காக நான் இதை எழுதவில்லை. வேண்டும் என்கிற கட்சியைச் சேர்ந்தவன் நான். என் வாதம் ஒன்றே ஒன்றுதான்: ஒரு காரியாலயத்து டெலிபோனை நல்ல நாளை வைத்து மதிப்பிடக்கூடாது, கெட்ட நாளை வைத்து மதிப்பிடவேண்டும். அதிலும் கடலூர், சிதம்பரம் போன்ற கடற்கரைச் சீமையில் கெட்ட நாள் என்பது எப்போதோ வருவதல்ல. ஐப்பசி, கார்த்திகை பிறந்தால் அதை எதிர்பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும்.

கம்பி ஒன்று, காரியம் இரண்டு

முதலில் இது என்ன சமாசாரம் என்று பார்ப்போம்.

பழைய முறையில் ஒரு காரியாலயத்துக்கு இரண்டு வகைக் கம்பிகள் வேண்டும். மானேஜர் மேஜைக்கு டெலிபோன் கம்பி ஒன்று, கம்ப்யூட்டர் கம்பி ஒன்று. கணக்கர் மேஜைக்கும் அப்படியே. இருபது மேஜை என்றால் நாற்பது கம்பி. டெலிபோன் கம்பிகளெல்லாம் இன்டர்காம் பெட்டி ஒன்றில் போய்ச் சேரும். ஒருவர் மேஜை மாறினால் கம்பி இழுக்க ஆள் வரவேண்டும். பெட்டியில் எட்டு இணைப்புக்குத்தான் இடம் என்றால், ஒன்பதாவது ஆளுக்காக இன்னொரு அட்டையோ, இன்னொரு பெட்டியோ வாங்கவேண்டும்.

புதிய முறையில் கம்ப்யூட்டர் கம்பியே டெலிபோனுக்கும் போதும். 'ஐ.பி. போன்' என்ற கருவியின் முதுகில் இரண்டு துவாரங்கள் இருக்கும். சுவரிலிருந்து வரும் கம்பியை ஒன்றில் சொருகினால், மற்றதிலிருந்து கம்ப்யூட்டருக்குக் கம்பி போகும். நீங்கள் பேசுவதை அந்தக் கருவி விநாடிக்கு 8,000 தடவை அளந்து எண்களாக மாற்றுகிறது. அந்த எண்களைச் சின்னச் சின்னப் பொட்டலங்களாகக் கட்டி, விநாடிக்கு 50 பொட்டலம் வீதம் அனுப்புகிறது. எதிர்முனைக் கருவி பொட்டலங்களைப் பிரித்து மறுபடி குரலாக்குகிறது. யார் யாருடன் பேசவேண்டும், யாருக்கு மணி அடிக்கவேண்டும் என்பதை ஒரு மூலையில் இருக்கும் சிறிய கம்ப்யூட்டர் கவனித்துக்கொள்கிறது. அந்தக் காலத்து எக்ஸ்சேஞ்சுப் பெண்மணியின் வேலையை இப்போது அது செய்கிறது.

'இத்தனை பொட்டலம் போனால் கம்பி அடைத்துக்கொள்ளாதா?' என்று கேட்கலாம். அடைத்துக்கொள்ளாது. ஒரு பேச்சுக்கு ஒரு திசையில் விநாடிக்குச் சுமார் 90 கிலோபிட் இடம் போதும். காரியாலயங்களில் சாதாரணமாக இருக்கும் கம்பி விநாடிக்கு 100 மெகாபிட்டாவது தாங்கும். ஆயிரத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை!

ஆனால் ஒரு சங்கடம் உண்டு. யாரோ ஒருவர் பெரிய கோப்பு ஒன்றை அனுப்பத் தொடங்கினால், அந்தக் கூட்டத்தில் குரல் பொட்டலம் சிக்கிக்கொண்டு தாமதமாகும். கடிதம் ஒரு விநாடி தாமதமாக வந்தால் ஒருவருக்கும் தெரியாது. குரல் தாமதமானால் 'ஹலோ, ஹலோ' என்று கத்தவேண்டியதுதான். ஒருவர் சொல்வது மற்றவர் காதுக்கு விநாடியில் ஏழில் ஒரு பங்கு நேரத்துக்குள் போய்ச் சேர்ந்தால்தான் பேச்சு இயல்பாக இருக்கும் என்பது சர்வதேச அளவுகோல். இதற்கு வழி சிதம்பரத்துக்காரர்களுக்குத் தெரியாததல்ல. ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழித் திருவாதிரைக்கும் கீழ வீதியில் தேர் வரும்போது மற்ற வண்டிகள் என்ன செய்கின்றன? ஒதுங்கி வழி விடுகின்றன அல்லவா? அதே போல, குரல் வந்தால் மற்றதெல்லாம் ஒதுங்கவேண்டும் என்று அந்தக் கம்பிப் பெட்டிக்குக் கட்டளை போட்டு வைக்கலாம். போட்டு வைத்திருக்கிறார்களா என்பதுதான் கேள்வி.

ஒரு மாணவரின் அவசரம்

இந்த முறை பெரிய கம்பெனிகளுக்கு மட்டும் உரியது என்று எண்ண வேண்டாம். 1999-இல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் மார்க் ஸ்பென்சர் என்ற கல்லூரி மாணவர் ஒரு சிறு தொழில் தொடங்கினார். வாடிக்கைக்காரர்களின் அழைப்பை வாங்க ஒரு டெலிபோன் பெட்டி வேண்டியிருந்தது. விலை கேட்டார், கட்டுப்படியாகவில்லை. 'வாங்க முடியாவிட்டால் செய்துகொள்வோம்' என்று தாமே உட்கார்ந்து ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதினார். அதற்கு 'ஆஸ்டரிஸ்க்' என்று பெயர். டெலிபோனில் இருக்கும் நட்சத்திரப் பொத்தானின் பெயர்தான் அது. எழுதியதைப் பூட்டி வைக்காமல், யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்து உபயோகிக்கலாம், திருத்தலாம் என்று விட்டுவிட்டார். இன்று உலகமெங்கும் கடைகளும் காரியாலயங்களும் அதையோ அதன் வழிவந்தவற்றையோ ஓட்டுகின்றன. பத்து இருபது பேர் கொண்ட காரியாலயத்துக்கு, உள்ளங்கையில் அடங்கும் கம்ப்யூட்டரே இதற்குப் போதும்.

டெலிபோன்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதற்கு 'எஸ்.ஐ.பி.' என்று ஒரு பொது ஒழுங்கு உண்டு. 1999-இல் வகுத்து, 2002-இல் திருத்தி வெளியிட்டார்கள். அந்த ஒழுங்குக்கு உட்பட்ட கருவியாக இருந்தால் ஒரு கம்பெனி டெலிபோனும் மற்றொரு கம்பெனிப் பெட்டியும் ஒத்துப்போகும். வியாபாரி எதைக் கொண்டுவந்து வைத்தாலும் 'இது பொது ஒழுங்குக்கு உட்பட்டதா, அல்லது உங்களிடமே கட்டுண்டு கிடக்கவேண்டுமா?' என்று கேட்டுவிடுங்கள். மாப்பிள்ளையைப் பார்க்கும்போதே கேட்கவேண்டியதைத் தாலி கட்டிய பிறகு கேட்டுப் பயனில்லை.

நமது ஜில்லாவில் இது யாருக்கு உபயோகம்? கடலூரில் தலைமைக் காரியாலயமும் சிதம்பரத்தில் கிளையும் வைத்திருக்கும் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ஜவுளிக்கடை, ஆடிட்டர், உரக்கடை, பள்ளிக்கூடம், கூட்டுறவுச் சங்கம். இரண்டு ஊருக்கும் நடுவே சுமார் 45 கிலோமீட்டர். கடலூருக்கு 04142, சிதம்பரத்துக்கு 04144 என்று குறியீடும் வேறு. இந்த முறையில் சிதம்பரம் கிளையில் இருப்பவரைப் பக்கத்து அறையில் இருப்பவர்போல இரண்டு இலக்கத்தில் கூப்பிடலாம். ஒரே சமயத்தில் பத்துப் பேர் பேசினாலும் விநாடிக்கு ஒரு மெகாபிட்டுக்குள் அடங்கும். அரசாங்கமே இதற்கு முன்மாதிரி. எல்காட் வழியாக அமைத்த மாநில வலையமைப்பில், சென்னையிலிருந்து ஜில்லாத் தலைநகரங்களுக்கும் அவற்றின் கீழுள்ள காரியாலயங்களுக்கும் கடிதமும் குரலும் படமும் ஒரே பாதையில் போகின்றன.

ஆக, செலவு குறைவு, சௌகரியம் அதிகம். பிறகு ஏன் தயங்கவேண்டும்? தயங்க வேண்டாம். ஆனால் யோசிக்கவேண்டும்.

கித்தூர் கற்பித்த பாடம்

நமது நாட்டில் டெலிபோன் விஷயத்தில் இப்படி யோசித்தவர்கள் இருந்தார்கள். 1984-இல் சி-டாட் என்ற ஆராய்ச்சி நிலையத்தை மத்திய அரசு தொடங்கியது. சாம் பித்ரோடாவின் பெயர் அதோடு சேர்ந்தே வரும். அந்நாளில் வெளிநாட்டிலிருந்து வந்த எக்ஸ்சேஞ்சுகளுக்குக் குளிர்சாதன அறை வேண்டும். நமது கிராமத்துக்குக் குளிர்சாதனம் எங்கே போவது? சி-டாட் இளைஞர்கள் வெயிலையும் தூசியையும் கரெண்டு போவதையும் கணக்கில் வைத்துக்கொண்டு, குளிர்சாதனம் இல்லாமலே ஓடும் ஓர் எக்ஸ்சேஞ்சைச் செய்தார்கள். 128 இணைப்புகள் கொண்ட அந்தக் கிராம எக்ஸ்சேஞ்சை 1986-இல் கர்நாடகத்துக் கித்தூரில் முதலில் வைத்தார்கள். பிறகு அது கிராமம் கிராமமாகப் பரவியது.

அவர்கள் வெளிநாட்டு யந்திரத்தைப் பழிக்கவுமில்லை. அதை அப்படியே காப்பி அடிக்கவுமில்லை. 'நம் ஊரில் எது கெடும்?' என்று முதலில் கேட்டார்கள். கடலூர்க்காரரும் சிதம்பரத்துக்காரரும் கேட்கவேண்டிய கேள்வி அதுதான்.

புயல் வைத்த பரீட்சை

நம் ஊரில் எது கெடும்? இதற்கு ஜோசியம் பார்க்க வேண்டியதில்லை. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி காலை, 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. காற்று மணிக்கு 120 முதல் 140 கிலோமீட்டர். பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் விழுந்தன. நகரத்துக்கே கரெண்டு வர நாட்கள் ஆயின. பல கிராமங்களுக்கு வாரங்கள் ஆயின. 2015 நவம்பரில் வெள்ளம். 2024 நவம்பர் 30-ஆம் தேதி இரவு 'பெஞ்சல்' புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. அடுத்த இரண்டொரு நாளில் சாத்தனூர் அணை நீரும் சேர்ந்துகொள்ள, தென்பெண்ணை கரை மீறிக் கடலூர்ப் பகுதிகளில் புகுந்தது. 2004 டிசம்பர் 26-ஐப் பற்றித் தேவனாம்பட்டினத்திலோ பிச்சாவரத்துப் பக்கமோ யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை.

அப்படிப்பட்ட நாளில்தான் டெலிபோன் உண்மையில் வேண்டியிருக்கிறது. மற்ற நாட்களில் அது பெரும்பாலும் 'டிபன் வந்ததா?' என்று கேட்கத்தான் உபயோகப்படுகிறது.

வாட்சுமேன் சொன்ன கறுப்பு டெலிபோனின் ரகசியம் என்ன தெரியுமா? அதற்கு வேண்டிய மின்சாரம் உங்கள் வீட்டிலிருந்து போகவில்லை. எக்ஸ்சேஞ்சில் அடுக்கியிருந்த பாட்டரிகளிலிருந்து, பேச்சு வரும் அதே செம்புக் கம்பி வழியாக, 48 வோல்ட் வந்துகொண்டிருந்தது. உங்கள் தெருவில் கரெண்டு போனால் அதற்கு என்ன கவலை? புதிய முறையில் அப்படியல்ல. மேஜை மேல் இருக்கும் கருவி, கம்பிப் பெட்டி, மூலையில் உள்ள கம்ப்யூட்டர், வெளியே போகும் இன்டர்நெட் பெட்டி ஆகிய நான்கில் ஒன்றுக்குக் கரெண்டு நின்றாலும் பேச்சு நின்றுவிடும்.

'ஒரு பழைய லைனையும் வைத்துக்கொள்கிறோம், ஆபத்துக்கு உதவும்' என்பார்கள் சிலர். இங்கேதான் ஒரு புதிய மோசம் இருக்கிறது. செம்புக் கம்பிக்குப் பதிலாகக் கண்ணாடி இழை வந்த இடங்களில், 'லேண்ட்லைன்' என்ற பெயர் மட்டுமே பழையது. கண்ணாடி வழியே ஒளி வரும், கரெண்டு வராது. உங்கள் சுவரில் மாட்டியிருக்கும் சிறு பெட்டிக்கு நீங்கள் கரெண்டு கொடுத்தால்தான் அந்த லேண்ட்லைனும் பேசும். ஆகவே 'எங்களிடம் லேண்ட்லைன் இருக்கிறது' என்று நிம்மதியாக இருப்பவர்கள், அது செம்பா, கண்ணாடியா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்வது நல்லது.

பரிகாரம் உண்டா? உண்டு, பெரிய செலவும் இல்லை. கம்ப்யூட்டர் கம்பி வழியாகவே டெலிபோன் கருவிக்கு மின்சாரமும் அனுப்பும் முறை ஒன்று இருக்கிறது. 2003-இலேயே அதற்குப் பொது விதி வகுத்துவிட்டார்கள். அப்படிப்பட்ட கம்பிப் பெட்டியை வாங்கினால், ஒவ்வொரு மேஜைக்கும் பாட்டரி தேட வேண்டாம். பெட்டி ஒன்றுக்கு மட்டும் கொடுத்தால் எல்லா டெலிபோனும் உயிரோடு இருக்கும். கணக்குப் பாருங்கள். ஒரு கருவிக்கு 5 வாட் என்று தாராளமாக வைத்துக்கொண்டால் இருபது கருவிக்கு 100 வாட். பெட்டிக்கும் கம்ப்யூட்டருக்கும் இன்டர்நெட்டுக்கும் 50 வாட். ஆக 150 வாட். வீட்டு இன்வெர்ட்டரில் வைக்கும் 12 வோல்ட், 150 ஏ.எச். பாட்டரியில் கணக்குக்கு 1,800 வாட்-மணி இருக்கிறது. அதில் பாதிக்குச் சற்று மேலே உருப்படியாகக் கிடைக்கும் என்று வைத்தாலும் சுமார் ஏழு மணி நேரம் ஓடும். ராத்திரியில் இரண்டே இரண்டு டெலிபோன் போதும் என்று மற்றவற்றை அணைத்தால் இன்னும் கூடுதலாக வரும்.

'தானே' போன்ற புயலுக்கு ஏழு மணி நேரம் எந்த மூலைக்கு என்று கேட்பீர்கள். நியாயந்தான். அதற்குத்தான் ஆஸ்பத்திரி, பள்ளி விடுதி போன்ற இடங்களில் ஜெனரேட்டர் தொடர்பும் வேண்டும். வேறு கம்பெனியின் செல்போன் ஒன்றை முழுச் சார்ஜில் தனியே வைத்திருக்கவும் வேண்டும். ஆனால் ஏழு மணி நேரம் என்பது அற்பமல்ல. அன்று அந்த நர்ஸுக்கு வேண்டியிருந்தது ஒரு நிமிஷம்.

இன்னும் இரண்டு சிறு விஷயங்கள். மூலையில் வைக்கும் கம்ப்யூட்டரையும் பாட்டரியையும் தரைத்தளத்தில், மாடிப்படிக்கு அடியில் வைக்காதீர்கள். தென்பெண்ணைக்கும் கெடிலத்துக்கும் அந்த இடம் நன்றாகத் தெரியும். இரண்டாவது, ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்குச் செம்புக் கம்பியை வெட்டவெளியில் இழுக்காதீர்கள். பக்கத்தில் ஓர் இடி விழுந்தால் இரண்டு பக்கத்துக் கருவிகளும் கருகிவிடும். அந்த இடத்துக்குக் கண்ணாடி இழைதான் சரி. அது இடியை ஏந்தி வராது. செம்புக் கம்பிக்குள்ள 100 மீட்டர் எல்லையும் அதற்கு இல்லை.

பூஜ்யத்தை அழுத்திய பிறகு…

கரெண்டு இருந்தும் டெலிபோன் கைவிடுவது உண்டு. 2013 டிசம்பரில் அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில், மார்ஷல் என்ற ஊரின் ஹோட்டல் அறை ஒன்றில் ஒரு பெண்ணை அவருடைய பிரிந்து வாழும் கணவன் தாக்கினான். ஒன்பது வயது மகள் அறை டெலிபோனை எடுத்து, பள்ளியில் சொல்லிக் கொடுத்தபடி அவசர எண்ணான 911-ஐ அழுத்தினாள். நான்கு தடவை அழுத்தினாள். பலிக்கவில்லை. வெளியே பேசுவதற்கு முதலில் ஒரு 9 அழுத்தவேண்டும் என்பது அந்த ஹோட்டல் டெலிபோனின் ஏற்பாடு. குழந்தைக்கு அது எப்படித் தெரியும்? தாய் இறந்துபோனாள். தாத்தாவின் இடைவிடாத முயற்சியால், அவசர எண்ணை நேரடியாக அழுத்த வழி இருக்கவேண்டும் என்று 2018-இல் அமெரிக்காவில் சட்டம் வந்தது. அந்தத் தாயின் பெயராலேயே அதைக் 'காரி சட்டம்' என்கிறார்கள்.

நமது காரியாலயங்களில் என்ன நிலைமை? 'சார், ஜீரோ போட்டுட்டு அடிங்க' என்பதுதானே வழக்கம்? அது நமக்குத் தெரியும். ராத்திரி காவலுக்குப் புதிதாக வந்த ஆளுக்குத் தெரியுமா? புதிய முறையில் 108-ஐயும் 112-ஐயும் ஜீரோ இல்லாமலே நேராக வெளியே அனுப்ப ஐந்து நிமிஷ வேலை. அந்த ஐந்து நிமிஷத்தைச் செலவழிக்கும்படி யாராவது கேட்கவேண்டும், அவ்வளவுதான்.

கிளைக் காரியாலயம் உள்ளவர்களுக்கு இதில் இன்னொரு எச்சரிக்கை. சிதம்பரத்துக் கிளையின் அழைப்புகளெல்லாம் கடலூர் லைன் வழியாக வெளியே போகும்படி அமைத்துவிட்டால், சிதம்பரத்திலிருந்து போடும் அவசர அழைப்பும் கடலூர் எண்ணைக் காட்டும். பதறிப்போய்ப் பேசுகிறவர் ஊர் பெயரைச் சொல்ல மறந்தால் ஆம்புலன்ஸ் எங்கே போகும்? ஆகவே ஒவ்வொரு ஊரிலும் அவசரத்துக்கு அந்த ஊர் லைன் ஒன்று இருக்கவேண்டும்.

பூட்டாத கதவு

கம்ப்யூட்டர் கம்பியில் டெலிபோன் வந்தால், கம்ப்யூட்டர் திருடனும் டெலிபோனுக்கு வந்துவிடுவான். பன்னிரண்டாம் எண் டெலிபோனுக்கு '12' என்றே ரகசியச் சொல் வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். இன்டர்நெட் வழியாக இப்படிப்பட்ட பூட்டாத கதவுகளைத் தேடிக்கொண்டு இரவு பகலாக யந்திரங்கள் அலைகின்றன. சனிக்கிழமை ராத்திரி உள்ளே புகுந்து, முன்பின் கேள்விப்படாத நாடுகளுக்குப் பேசித் தீர்த்துவிடுவார்கள். திங்கட்கிழமை நீங்கள் கடை திறக்கும்போது பில் ஏறியிருக்கும். நீளமான ரகசியச் சொல், வெளிநாட்டு அழைப்புக்குப் பூட்டு, மூலைக் கம்ப்யூட்டரை இன்டர்நெட்டில் வெட்டவெளியாக வைக்காமை ஆகிய மூன்றும் இருந்தால் பெரும்பாலும் பயமில்லை.

சட்டத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். காரியாலயத்துக்குள்ளே நீங்கள் எப்படிப் பேசிக்கொண்டாலும் கேட்பாரில்லை. ஆனால் வெளியார் அழைப்புகளை இன்டர்நெட் வழியாக வேறு ஊருக்குக் கடத்தி மற்றவர்களுக்குத் தொடுத்துக் கொடுப்பது, உரிமம் பெற்ற கம்பெனிகளின் வேலை. உரிமம் இல்லாமல் எக்ஸ்சேஞ்சு நடத்தியவர்களைப் போலீசார் பிடித்த செய்தியை நாமே அவ்வப்போது படிக்கிறோம். உள்வீட்டுப் பேச்சுக்கு உங்கள் பெட்டி. வெளியுலகத்துக்கு உரிமம் பெற்றவருடைய லைன். இந்த எல்லையை மறக்கவேண்டாம்.

மெயினை அணையுங்கள்!

தானாக இயங்கும் முதல் எக்ஸ்சேஞ்சைக் கண்டுபிடித்தவர் ஆல்மன் ஸ்ட்ரௌஜர் என்ற அமெரிக்கர். 1891-இல் அதற்குப் பேடண்ட் வாங்கினார். தொழில் என்ன தெரியுமா? சவ அடக்கம் நடத்துவது. போட்டிக்காரருக்கு வேண்டிய எக்ஸ்சேஞ்சுப் பெண்மணி தமக்கு வரும் அழைப்புகளை அங்கே திருப்பிவிடுகிறார் என்று அவருக்குச் சந்தேகம். அதனால்தான் நடுவில் ஆளே இல்லாத யந்திரம் செய்தார் என்று கதை சொல்வார்கள். அன்று நடுவில் இருந்த ஆளைப் பற்றிய சந்தேகம் யந்திரத்தைக் கொண்டுவந்தது. இன்று நமக்கு யந்திரத்தின் மேல் எந்தச் சந்தேகமும் இல்லை. அதுதான் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது!

ஆகவே வாசகர்களுக்கு ஒரு யோசனை. உங்கள் காரியாலயத்திலோ, கடையிலோ, பள்ளியிலோ புதிய டெலிபோன் அமைக்க ஒருவர் வந்து, எல்லாம் முடிந்தது என்று பில்லை நீட்டும்போது, உடனே பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். 'கொஞ்சம் இருங்கள்' என்று சொல்லிவிட்டு, நேராகப் போய் மெயின் சுவிட்சை அணையுங்கள். பிறகு கடைசி மாடியில், கடைசி அறையில் இருக்கும் டெலிபோனை எடுங்கள். ஓசை வருகிறதா? கீழே மணி அடிக்கிறதா? ஆபத்துக்கு வெளியே கூப்பிட ஒரு வழி உயிரோடு இருக்கிறதா? வந்தால் பணத்தைக் கொடுங்கள். ஒரு காப்பியும் வாங்கிக் கொடுங்கள். வராவிட்டால் அவர் வேலை இன்னும் முடியவில்லை. வருஷா வருஷம் புரட்டாசியில், மழைக்கு முன்பாக, இதே சோதனையைச் செய்யுங்கள். ஆயுத பூஜைக்கு யந்திரங்களைத் துடைத்துப் பொட்டு வைக்கும்போது, கூடவே மெயினையும் ஒரு தடவை அணைத்துப் பார்ப்பது சாஸ்திரத்துக்கு விரோதமாகாது.

சித்தப்பா குணமாகி வீடு திரும்பும் நாளில் அந்த ஆஸ்பத்திரியில் ஒரு மாறுதல் கண்டேன். மாடிப்படிக்கு அடியில் இருந்த பெட்டியை மேலே கொண்டுபோய்ச் சுவரில் மாட்டி, இன்வெர்ட்டரோடு இணைத்துவிட்டார்கள். என்ன செலவு என்று கேட்டேன். எலெக்ட்ரீஷியனுக்கு அரை நாள் கூலி, கொஞ்சம் ஒயர் என்றார்கள்.

அதை முதலிலேயே செய்திருந்தால், அந்தப் பெண் மூன்று மாடி ஓடியிருக்க வேண்டாம்.